ஏறியவர் யார்? பெற்றவர் யார்?

தருமத்துக்காக மலையேறுதல் இன்று உலகெங்கும் பரவிவிட்ட ஒரு வழக்கமாகும். விளையாட்டுக் கழகமொன்று ஒரு மலையைத் தெரிந்தெடுக்கின்றது. அதன் உறுப்பினர் அம்மலையில் ஏறுவதாகச் சபதஞ் செய்கின்றனர். அவர்கள் படப்போகும் சிரமத்தை முன்னிட்டு உற்றாரும் ஊராரும் வர்த்தகரும் பணம் வழங்குகின்றனர். அப்பணம் ஒரு வைத்தியசாலைக்கோ, அநாதை இல்லத்துக்கோ, பாடசாலைக்கோ உரியதென அறிவிக்கப்படுகின்றது. மேனாட்டிலே வேரூன்றிய இவ்வழக்கம், ஒரு குன்று தானும் இல்லாத எமது கல்முனைக்குடி இளைஞரின் பேச்சிலும் இப்பொழுது இடம்பெறத் தொடங்கியுள்ளது. சந்தாங்கேணி மைதானத்திலே பந்து உதைத்துப் பழகிய கால்களுக்கு மலையேறும் ஆசை பிறப்பதில் வியப்பேதுமில்லை. ஹந்தானை மலையின் அடிவாரத்திலிருந்து கல்வி பயிலும் கிழக்குக் கரையோர மாணவர் எவரும் அவ்வாசையை நன்கறிவர். ஆயின் ஆசை வேறு, அறம் வேறு. ஆசைக்கு அறத்தின் ஆடையை உடுத்திவிடும்பொழுதுதான் நாம் சில வினாக்களை எழுப்பவேண்டியவராகின்றோம்.

மலையேற்றத்தை நான் பழிக்க முன்வரவில்லை. உடலுரம், கூட்டு முயற்சி, பொறுமை ஆகியவற்றை இளைஞருக்குப் பயிற்றுவதில் அதற்கு நிகரான விளையாட்டுகள் சிலவே. எனது வாதம் ஒன்றே ஒன்று: ஏறுவோனின் சாதனை தருமமாகாது. அவன் இறங்கி வந்தபின் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே தருமம். இவ்வுண்மையை மறந்து நடாத்தப்படும் மலையேற்றம், வறியவனின் பெயரைச் சொல்லி வசதியுள்ளவன் மேற்கொள்ளும் உல்லாசப் பயணமாக முடிந்துவிடும்.

இவ்வழக்கம் எவ்வாறு நடைபெறுகின்றதென்பதை முதலில் நோக்குவோம். பிரித்தானியாவிலே 'முச்சிகரச் சவால்' என்றொரு போட்டி உண்டு. ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் (1345 மீற்றர்), இங்கிலாந்தின் ஸ்கோஃபெல் பைக் (978 மீற்றர்), வேல்ஸின் ஸ்னோடன் (1085 மீற்றர்) ஆகிய மூன்று மலைகளிலும் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் ஏறி இறங்கிவிடுவதே அச்சவால். மூன்று மலைகளுக்குமிடையே நூற்றுக்கணக்கான மைல்களை வாகனத்திற் கடந்தாக வேண்டும். ஆண்டுதோறும் பெருந்தொகையானோர் தரும நிதிக்கென இதில் ஈடுபடுகின்றனர். இவர்களிற் பலர் ஸ்கோஃபெல் பைக் மலையின் அடியிலுள்ள வொஸ்டேல் பள்ளத்தாக்கை நள்ளிரவிலும் விடியற்காலத்திலும் வந்தடைவர். வாகனக் கதவுகள் அறையுண்ணும் ஓசை, வழிநெடுகிலும் வீசப்பட்ட குப்பை, மலசலகூட வசதியின்மையால் ஏற்படும் அசுத்தம் என்பன குறித்து அச்சிற்றூர் மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். வழிதவறியோரையும் கால் முறிந்தோரையும் தேடி இருளில் மலையேறுவோர் ஊதியம் பெறாத மீட்புத் தொண்டர்கள். ஒரு தருமத்தின் செலவை, அத்தருமத்தோடு எவ்வகைத் தொடர்புமில்லாத இன்னொருவன் சுமக்கின்றான் என்பது இதன் பொருள்.

பிறிதொரு நிகழ்ச்சியையும் நோக்குவோம். 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பிரித்தானியப் பாடகரும் வானொலி, தொலைக்காட்சிக் கலைஞருமாக ஒன்பதுபேர் ஆபிரிக்காவின் அதியுயர் மலையாகிய கிளிமஞ்சாரோவில் ஏறினர். 5895 மீற்றர் உயரமுள்ள அம்மலையேற்றத்தின் மூலம் முப்பது இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட நிதி திரண்டது. மலேரியாவைத் தடுக்கும் நுளம்பு வலைகளுக்கு அந்நிதி உதவிற்று. இது சிறிய காரியமன்று. ஒரு குழந்தையின் படுக்கையின் மீது விரிக்கப்படும் வலை, அதனைத் தந்தவனின் உள்நோக்கத்தை ஆராய்ந்த பின்னர் நுளம்பைத் தடுப்பதில்லை. எனவே இத்தகைய முயற்சிகள் யாவும் பொய் எனக் கூறுவோருடன் நான் உடன்படேன்.

ஆயினும் அம்மலையிலே ஏறியோர் ஒன்பதுபேர் மாத்திரந்தானா? கிளிமஞ்சாரோவில் ஏறும் எந்தக் குழுவின் கூடாரத்தையும் உணவையும் நீரையும் உள்ளூர்ச் சுமையாளரே தோளிலுந் தலையிலும் தாங்கிச் செல்கின்றனர். ஒருவர்மீது ஏற்றப்படும் சுமை 20 கிலோகிராமுக்கு மேற்படலாகாதென்பது விதி. அவ்விதி மீறப்படுவதையும், குறைந்த கூலியோடும் போதிய குளிராடையின்றியும் சுமையாளர் மலையேற்றப்படுவதையும் தடுப்பதற்கென்றே 2003ஆம் ஆண்டிலே ஓர் உதவி அமைப்பு தோற்றுவிக்கப்பட வேண்டியிருந்தது. ஒரே மலை, ஒரே குளிர், ஒரே உச்சி. ஒருவன் ஏறினால் அது சாதனை. அவனது சுமையைத் தூக்கிக்கொண்டு மற்றவன் ஏறினால் அது கூலிவேலை. ஒருவனது வியர்வைக்கு நிதி சேர்கின்றது. மற்றவனது வியர்வைக்குப் பெயர் கூட இல்லை.

தூர தேசத்துக் கதையென இதனை ஒதுக்கிவிடுதல் ஆகாது. எமது நாட்டிலே மலையேறி நிதி திரட்ட எண்ணுவோர் எங்கு செல்வர்? பாவா ஆதம் மலையென நாமும், சிவனொளிபாதமென இந்துக்களும், ஸ்ரீபாத என பௌத்தர்களும் போற்றும் 2243 மீற்றர் உயரமுடைய அம்மலைக்கே பெரும்பாலும் செல்வர். பதினான்காம் நூற்றாண்டிலே இப்னு பதூதா ஏறிய மலை அது. நூற்றாண்டுகளாக இலட்சோப இலட்சம் அடியார் அதிலே ஏறியுள்ளனர், முதியவரும் ஏறினர், கைக்குழந்தையைத் தோளிலிட்ட தாய்மாரும் ஏறினர். அவர்களுள் எவரும் தமது மூச்சுத் திணறலுக்கு விலை கூறியதில்லை. அம்மலைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்கள். அச்சரிவுகளிலே கொழுந்துக் கூடையை முதுகிற் சுமந்து நாள்தோறும் ஏறி இறங்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளமென வர்த்தமானியிற் பிரசுரமாவதற்கு 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருநாள் ஏறப்போகும் நாம், ஆயுள் முழுதும் ஏறுகின்ற அவளைக் கடந்து செல்லும்பொழுது, எமது சட்டையிற் பொறித்துள்ள 'சவால்' என்னுஞ் சொல்லை அவள் எவ்வாறு வாசிப்பாளெனச் சற்றே சிந்திக்கவேண்டும். 2014 ஒக்ரோபரில் மீரியபெத்தையிலே குடியிருப்புகளை மண் மூடியதும், 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியின்போது மலைநாட்டு மண்சரிவுகள் பலநூறு உயிர்களைப் பலிகொண்டதும் அம்மக்கள் வாழும் மலைகளிலேயே. மலை அவர்களுக்குச் சவாலன்று, வீடு.

இனி, சாதனைக்கும் கடமைக்குமுள்ள வேறுபாட்டை நோக்குவோம். கிளிமஞ்சாரோவில் ஏறியோர் எந்நோய்க்கெதிராக நிதி திரட்டினரோ, அந்நோயை எமது நாடு எவ்வாறு வென்றது? 1934, 1935ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா இந்நாட்டிலே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. பின்னர் அரசாங்கத்தின் மலேரியாத் தடுப்பு இயக்கம் வீடுவீடாக மருந்து தெளித்தது. காய்ச்சல்காரர் ஒவ்வொருவரினதும் இரத்தத்தைச் சோதித்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே பதிவாயினர். வென்றுவிட்டோமெனக் கருதி விழிப்புத் தளர்ந்தது. அவ்வளவுதான்; அத்தசாப்தம் முடிவடையுமுன் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. அதன்பின் பல்லாண்டுகள் சலியாது உழைத்தே, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றினை இலங்கை பெற்றது. பதினேழென்ற எண் ஒரு சிகரம். அதனை அடைந்ததால் நோய் ஒழியவில்லை. அடைந்தபின்னரும் மறுநாட் காலையிலே மருந்துத் தெளிகருவியைத் தூக்கிக்கொண்டு புறப்படவேண்டிய தொழிலாளியாலேயே நோய் ஒழிந்தது. அவனது பெயர் எந்தப் பதாகையிலும் இல்லை. தருமத்துக்கு வேண்டியது இத்தகைய நித்தியத் தன்மையே. மலையேற்றமோ தன் இயல்பினாலே ஒருநாள் வீரம்.

அவ்வாறாயின் ஒருநாள் வீரம் நித்தியப் பயனாக மாறவே முடியாதா? முடியும். அதற்கு எம்மவர் காட்டிய சான்றும் உண்டு. உலகு காட்டிய சான்றும் உண்டு. 2011 ஜூலை மாதத்திலே நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ ஆகிய இருவர் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறைவரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரைக் கால்நடையாகக் கடந்தனர். யுத்தம் முடிந்து ஈராண்டுகளே கழிந்திருந்த வேளை அது. தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலையொன்றைக் கட்டியெழுப்புவதே அவர்தம் நோக்கம். வழியெங்கும் மக்கள் அவர்களோடு இணைந்து நடந்தனர். வைத்தியசாலை எழுந்தது. 2016ஆம் ஆண்டிலே அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கென நிதி திரட்டினர். இது மலையேற்றமன்று, நடைப்பயணமே. எனினும் உடற்சிரமத்தைக் காட்டி நிதி திரட்டும் முறை ஒன்றேயாதலின் ஒப்பிடத்தக்கது. இங்கே நோக்கம் திட்டவட்டமானது. 'வறியோருக்கு உதவி' எனும் மங்கலான சொல்லன்று. திரட்டிய பணம் கண்ணாற் காணத்தக்க ஒரு கட்டடமாயிற்று. எல்லாவற்றினும் மேலாக, அவ்வைத்தியசாலை அரச சேவையோடு இணைந்து நிற்பதால் நடந்தவர்கள் வீடு திரும்பிய பின்னரும் நோயாளியைக் கவனிக்க அங்கே ஒருவர் இருக்கின்றார்.

எவரெஸ்ட் சிகரத்தை 1953 மே 29ஆம் நாள் டென்சிங் நோர்கேயுடன் எட்டிய எட்மண்ட் ஹில்லறியின் வாழ்வும் இதனையே போதிக்கின்றது. உச்சியில் நின்றமையோடு அவர் அமைந்திருந்தால் வரலாற்றிலே ஒரு வரியாக மாத்திரம் எஞ்சியிருப்பார். அவரோ, தமக்குச் சுமை தூக்கிய ஷெர்பா மக்களிடம் திரும்பிச் சென்றார். உங்களுக்கு வேண்டுவது யாதென வினவினார். பாடசாலை வேண்டும் என்ற விடை கிடைத்தது. 1961ஆம் ஆண்டிலே கும்ஜுங் கிராமத்திற் பாடசாலை எழுந்தது. 1966இல் குண்டேயில் வைத்தியசாலை எழுந்தது. 1975ஆம் ஆண்டிலே, அவர் வைத்தியசாலையொன்றைக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகையில் மனைவியும் மகளும் விமான விபத்திற் பலியாயினர். அப்பொழுதும் அவர் அப்பணியைக் கைவிட்டாரல்லர். 2008ஆம் ஆண்டு மறையும்வரை அம்மக்களோடு தொடர்பு பூண்டிருந்தார். சிகரத்தில் அவர் நின்றது சில நிமிடங்களே. அச்சிகரத்துக்கான கடனைத் தீர்த்தது அரை நூற்றாண்டாக. மலையேறித் தருமஞ் செய்ய விரும்புவோர் பின்பற்றவேண்டியது அச்சில நிமிடங்களையா, அவ்வரை நூற்றாண்டையா?

இனி எம் ஊருக்கு வருவோம். தருமத்தைப் பெறுவதென்றால் என்னவென்பதைக் கல்முனைக்குடியார்க்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபொழுது இந்நாட்டில் எம் அம்பாறை மாவட்டமே மிகுந்த உயிர்களை இழந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோரத் தெருக்கள் மணல்மேடாயின. அப்பொழுது வந்த உதவியால் உயிர் தப்பியோர் பலர். அதனை நன்றியுடன் நினைவுகூர்கின்றோம். ஆனால் வந்த உதவியெல்லாம் உரியவரைச் சேர்ந்ததா? அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் நிதியைக் கொண்டு 500 வீடுகள் கட்டப்பட்டன. வீட்டை யாருக்கு வழங்குவதென்ற பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. கூரையும் சுவரும் இருந்தன, கொடுத்தவரும் இருந்தார், வீடற்றவரும் இருந்தனர். எனினும் பல்லாண்டுகள் அவ்வீடுகள் காடு மண்டிக் கிடந்தன. பணம் திரண்டதோடு தருமம் நிறைவெய்துவதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? கொடுப்பவனது உற்சாகத்துக்கும் பெறுபவனது கைக்குமிடையே உள்ள தூரமே மலைகளுள் உயர்ந்தது. அதிலே ஏறுவார் எவருமிலர்.

இதனை நன்குணர்ந்த மார்க்கமே எம்முடையது. ஸக்காத் என்பது செல்வனின் கருணையன்று, வறியவனின் உரிமை. நாற்பதில் ஒரு பங்கு என அளவும், எண்வகைப்பட்டோர் என உரியவரும் வரையறுக்கப்பட்டுள்ளனர். அதைத் திரட்டும் பணியாளருக்கும் அதிலே பங்குண்டு. எனவே தரும நிதியிலிருந்து செலவெடுப்பதே குற்றமென நான் வாதிடவில்லை. எவ்வளவு எடுத்தோம் என்பதை மறைத்தலே குற்றம். மேனாட்டு மலையேற்றங்கள் சிலவற்றிலே, பங்குபற்றுவோன் குறித்த தொகையைத் திரட்டினாற் போதும். அவனது பயணச்செலவும் அத்தொகையிலிருந்தே கழிக்கப்படும். ஏழைப் பிள்ளையின் மருந்துக்கெனக் கருதிப் பக்கத்து வீட்டார் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி விமானச்சீட்டாகிவிடும். எம் ஊருக்கு இதனைப் பொருத்தி ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழகமொன்று மூன்று இலட்சம் ரூபா திரட்டுகின்றது. பேருந்து வாடகை, உணவு, தங்குமிடம், ஒரே நிறச் சட்டைகள், பதாகை, படப்பிடிப்பு எனப் பாதிக்கு மேல் கரைந்துவிடுகின்றது. எஞ்சியதைப் பெரிய அட்டைக் காசோலையாக எழுதி, வைத்தியசாலை வாயிலிலே ஒரு நோயாளியை நடுவில் நிறுத்திப் படமெடுத்து வெளியிடுகின்றனர். இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் வைத்தியசாலைக்கு வரவேண்டிய அந்நோயாளிக்கு அடுத்த கிழமை முச்சக்கரவண்டிக் கூலி கொடுப்பவர் யார்? படத்தில் நின்ற எவருமல்லர்.

'நல்லது செய்ய முனையும் இளைஞரை ஏன் சோர்வடையச் செய்கின்றாய்? வீட்டில் முடங்கிக் கிடப்பதிலும் மலையேறி நாலு காசு சேர்ப்பது மேலன்றோ?' எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அவர்களுக்கு நான் கூறும் விடை இது: இளைஞரின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அதனை ஒரு நாளுக்குக் குறுக்கிவிடுவோரே குறைத்து மதிப்பிடுகின்றனர். கடல் பொங்கிய அன்று வேலிகளையும் இடிபாடுகளையும் விலக்கி ஜனாஸாக்களைச் சுமந்த இளைஞர்கள் எவரிடமும் அனுசரணை கேட்கவில்லை. அவ்வாற்றல் எம்மிடம் உண்டு. அதற்கு விளம்பரம் தேவையில்லை, ஒழுங்கே தேவை. 'மலையேறாவிட்டால் மக்கள் பணம் தரமாட்டார்களே' என்பது இரண்டாவது வாதம். கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் காலத்திலே நார்சாவுக்கு அள்ளி வழங்கும் ஊர் எம் ஊர். மலையைக் காட்டினாற்றான் மனம் இளகும் என்பது எம்மவர்க்கு இழுக்கு. எம் மக்கள் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் மனமின்மையன்று. கொடுத்தது எங்கே போயிற்றென்று எவரும் சொல்லாமையே.

ஆகவே மலையேற விரும்பும் கழகங்களுக்கு நான்கு நிபந்தனைகளை முன்வைக்கின்றேன். முதலாவதாக, ஏறுவோரின் செலவனைத்தும் ஏறுவோரின் சட்டைப்பையிலிருந்தே வருதல் வேண்டும். பொதுமக்கள் தந்த ஒவ்வொரு ரூபாயும் குறித்த காரியத்துக்கே சேரவேண்டும். இரண்டாவதாக, நோக்கம் யாதென்பதைக் கழகம் தன் மனம்போலத் தீர்மானியாது, பெறவேண்டியவரையும் அவருக்குச் சேவையாற்றுவோரையும் கேட்டறிதல் வேண்டும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு ஒரு கருவி வேண்டுமா, அன்றி நோயாளரை வாரந்தோறும் கூட்டிவரப் பத்து இளைஞர் வேண்டுமா என்பதை அங்குள்ள தாதியரே அறிவர். மூன்றாவதாக, பெறுபவரின் முகம் எந்தப் படத்திலும் இடம்பெறலாகாது. ஏறியவர் தம் படத்தை எவ்வளவும் எடுத்துக்கொள்ளட்டும்; சிகரம் அவர்களுடையது. வறுமை அவர்களுடையதன்று. நான்காவதாக, வரவு செலவுக் கணக்கைப் பள்ளிவாசல் முன்றிலிலும் கழக வாயிலிலும் எழுதி ஒட்டுதல் வேண்டும். ஒருமுறையன்று, ஓராண்டின் பின்னர் மீண்டும் ஒருமுறை. அவ்விரண்டாவது கணக்கே மெய்யான சிகரம். திரட்டிய பணத்தால் வாங்கிய கருவி இயங்குகின்றதா, உதவி பெற்ற மாணவன் பாடசாலைக்குச் செல்கின்றானா என்பதை அதுவே கூறும்.

இந்நிபந்தனைகள் கடினமானவை எனக் கழகத்தினர் கருதக்கூடும். ஆயிரக்கணக்கான படிகளைக் குளிரிலும் இருளிலும் ஏறத் துணிந்தவருக்கு ஒரு கணக்கேட்டின் சில பக்கங்கள் கடினமாகத் தோன்றுமாயின், அவர் ஏற விரும்பியது தருமத்துக்காக அன்று என்பது தானே விளங்கும். அத்தகையோர் தாராளமாக மலையேறட்டும், மகிழட்டும், அதற்குத் தம் பணத்தைச் செலவிடட்டும். அதனை எவரும் குறை கூறார். ஆனால் நோயாளியின் பெயரையும் அநாதையின் பெயரையும் அடிவாரத்திலேயே விட்டுச் செல்லட்டும். அப்பெயர்களைச் சுமந்து ஏறுபவர், அவற்றை இறக்கி வைக்கும் நாள் எதுவென்பதை முன்னரே எங்களுக்குச் சொல்லியாகவேண்டும்.